ஃபவுண்டேஷன் வரிசை: எந்தப் புத்தகத்தில் தொடங்கி எதில் முடிப்பது

என் அத்தை மகன் ஒருவன் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவைப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினான். யாரையும் கேட்கவில்லை. கதை நடக்கும் கால வரிசைப்படி எங்கோ கிடைத்த ஒரு பட்டியலை அச்சிட்டு, முடித்த புத்தகத்துக்கு எதிரே டிக் போட்டபடி வந்தான். ரோபோ சிறுகதைகள் முடிந்தன, ரோபோ நாவல்கள் நான்கும் முடிந்தன. பேரரசு நாவல்களில் இரண்டாவதன் நடுவில் அலுத்துப்போய் மூடி வைத்துவிட்டான். எட்டு மாத உழைப்பு. எந்தப் புத்தகத்துக்காக இத்தனையும் தொடங்கினானோ, அந்த ‘ஃபவுண்டேஷன்’ நாவலின் முதல் பக்கத்தை அவன் இன்றுவரை திறக்கவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 1988இல் வந்த ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ நாவலின் முன்குறிப்பில் அசிமோவே 14 புத்தகங்களைக் கதைக்கால வரிசையில் அடுக்கிக் காட்டியிருக்கிறார். ஆனால் இவை முழுக்கப் பொருந்திப் போகாமல் இருக்கலாம், ஆரம்பத்தில் அப்படியொரு திட்டமே தனக்கு இல்லை என்பதையும் அதே இடத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1941இல் ஓர் இருபத்தொரு வயது இளைஞர் எழுதிய கதையை, அதே மனிதர் அறுபது வயதுக்கு மேல் எடுத்துப் பார்த்து, ‘இது சரிதானா?’ என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறார். இந்த வரிசையின் உண்மையான சுவாரசியம் அதுதான். எழுதப்பட்ட வரிசையில் படித்தால் அந்த விசாரணை கண்முன் நடக்கும். கதைக்கால வரிசையில் படித்தால் தீர்ப்பை முதலில் வாசித்துவிட்டு வழக்கைக் கேட்பது போலாகும்.

ஆகவே என் யோசனை, எழுதப்பட்ட வரிசை. அதில் இரண்டு சின்ன மாற்றங்கள் மட்டும் உண்டு. கதையின் முடிச்சுகள் எதையும் இங்கே அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

மொத்தம் 15 புத்தகங்கள். ரோபோ பிரிவில் ‘ஐ, ரோபாட்’ சிறுகதைத் தொகுப்பும் நான்கு நாவல்களும் உள்ளன. பேரரசுப் பிரிவில் மூன்று நாவல்கள், ஃபவுண்டேஷன் பிரிவில் ஏழு. இவை மூன்றும் தனித்தனியாகப் பிறந்தவை. ரோபோ மனிதனுக்குத் தீங்கு வரவிடக் கூடாது, கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற மூன்று விதிகளை வெளிப்படையாகச் சொன்ன சிறுகதை 1942 மார்ச்சில் ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்’ இதழில் வந்தது. முதல் ஃபவுண்டேஷன் கதை அதே இதழில் அதே ஆண்டு மே மாதம் வந்தது. இடையே இரண்டே மாதம், ஆசிரியர் ஒருவர், இதழ் ஒன்று. இருந்தும் இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. ஃபவுண்டேஷன் உலகத்தில் ரோபோவே கிடையாது. இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1980களில்தான் வந்தது.

இரண்டாம் படி: ‘ஃபவுண்டேஷன்’ (1951)

1941 ஆகஸ்ட் 1. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த அசிமோவ், பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெலைப் பார்க்கச் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்தார். சொல்வதற்குக் கதை எதுவும் கையில் இல்லை. மடியில் இருந்த இசை நாடகப் புத்தகத்தைக் கண்மூடித் திறந்தார். தேவதைகளின் அரசி ஒரு காவல் சிப்பாயின் காலில் விழும் படம் வந்தது. சிப்பாயிலிருந்து படைகளுக்கும், படைகளிலிருந்து பேரரசுகளுக்கும், அங்கிருந்து ரோமுக்கும் மனம் தாவியது. ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய பெரிய வரலாற்றை அவர் ஏற்கெனவே இரண்டு முறை படித்தவர். விண்மீன் மண்டலம் முழுக்கப் பரந்த ஒரு பேரரசு விழுந்தால் எப்படி இருக்கும்? ரயில் நிலையம் வருவதற்குள் கதை கிடைத்துவிட்டது. கேம்ப்பெலுக்கோ ஒரு கதை போதவில்லை. தொடராக எழுது என்றார்.

புத்தகத்தில் ஐந்து பகுதிகள். முதல் பகுதியை மட்டும் 1951இல் நூலாக்கும்போது முன்னுரை போலப் புதிதாக எழுதிச் சேர்த்தார். மற்ற நான்கும் இதழில் வந்த பழைய கதைகள். அதனால் பகுதிக்குப் பகுதி பல பத்தாண்டுகள் பறக்கும், பாத்திரங்கள் மாறும், நேற்றைய நாயகன் இன்று ஒரு சிலையாகவோ மேற்கோளாகவோ மட்டும் மிஞ்சுவான். முதல் வாசிப்பில் பலர் தடுமாறும் இடம் இது. யாரிடமும் மனதைக் கொடுக்காமல் படியுங்கள். இங்கே கதாநாயகன் ஒரு நிகழ்வு: ஒரு நாகரிகம் சரிகிறது, இன்னொன்று முளைக்கிறது.

இந்த வரிசையின் மூலக் கருத்து சைக்கோஹிஸ்டரி, அதாவது மக்கள் திரளின் எதிர்காலத்தைக் கணிதத்தால் கணிக்கும் கலை. வேதியியல் மாணவருக்கு உவமை வாயுவிலிருந்து கிடைத்தது. ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து என்ன அழுத்தம் தரும் என்று சொல்லலாம். நம் ஊர்க் கண்ணால் பார்த்தால், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எந்தத் தெரு எத்தனை மணிக்கு நெரியும் என்று போலீஸ் முன்பே தடுப்பு கட்டிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் சித்தப்பா எந்தப் பந்தலில் நின்று நீர்மோர் குடிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. சைக்கோஹிஸ்டரி கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளின் ஜாதகத்தை அது பார்க்காது.

அதற்கு இரண்டு நிபந்தனைகள். மக்கள்தொகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும், கணிக்கப்படும் மக்களுக்குக் கணிப்பு தெரியக் கூடாது. இந்த இரண்டாவதைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள். கணித மேதை ஹேரி செல்டன் 30,000 ஆண்டு இருட்டை 1,000 ஆண்டாகச் சுருக்கத் திட்டமிடுகிறார். நல்ல காரியம்தான். ஆனால் யாருக்காகச் செய்கிறாரோ அவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் அத்தனை புத்தகங்களும் இந்த முள்ளைச் சுற்றித்தான் வருகின்றன.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரண்டாம் பகுதி. செல்டன் தன் திட்டத்துக்காக நிறுவிய ‘ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு இருக்கும் டெர்மினஸ் என்ற, உலோகமே இல்லாத ஓரத்துக் கோளுக்குப் பேரரசின் தூதராக டோர்வின் பிரபு வருகிறார். மூக்குப்பொடி போடுகிறவர். சுருள் சுருளாகச் செயற்கையாகச் சுருட்டிய முடி, தடவித் தடவிப் பார்த்துக்கொள்ளும் கிருதா, ரகரம் வராத உச்சரிப்பு. அவருடைய பொழுதுபோக்கு தொல்லியல். மனித இனம் எந்தச் சூரியனின் கோளில் தோன்றியது என்பது அவர் காலத்தில் மறந்துபோன விஷயம். சிலர் சிரியஸ் என்கிறார்கள், சிலர் ஆல்ஃபா சென்டாரி, சிலர் சோல், சிலர் 61 சிக்னி என்று பிரபு அடுக்குகிறார். நகரத் தலைவர் சால்வர் ஹார்டின், நேரில் போய்த் தோண்டிப் பார்க்கலாமே என்கிறார். பிரபுவுக்கு அது விளங்கவே இல்லை. எதற்காக? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு எடைபோட்டால் போதாதா?

அவ்வளவுதான் காட்சி. ஒரு போரோ தீப்பற்றிய நகரமோ இல்லாமல் ஒரு பேரரசு செத்துக்கொண்டிருப்பதைக் காட்டிவிடுகிறார் அசிமோவ். உரைக்கு உரை, அந்த உரைக்கு இன்னோர் உரை என்று அடுக்கிவிட்டு மூலத்தைத் திறந்தே பார்க்காதவர்களை நாமும் அறிவோம், அதனால் இந்தப் பிரபு எனக்கு அந்நியராகத் தெரியவில்லை. அடுத்து வருவது இன்னும் நன்றாக இருக்கும். பிரபு ஐந்து நாள் பேசிய பேச்சைக் குறியீட்டுத் தர்க்கத்தில் போட்டு அலசுகிறார்கள். பொருளற்றவற்றையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்பவற்றையும் கழித்தால் மீதம் ஒன்றுமில்லை.

இந்த டோர்வின் பிரபுவை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படுவார்.

முதல் பக்கத்தின் அடிக்குறிப்பையும் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் வரும் ‘என்சைக்ளோபீடியா கேலக்டிகா’ மேற்கோள்கள், டெர்மினஸில் ஃபவுண்டேஷன் ஆண்டு (அந்த அமைப்பு தொடங்கியதிலிருந்து எண்ணும் ஆண்டு) 1020இல் வெளியான 116ஆம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அது சொல்கிறது. திட்டம் ஆயிரம் ஆண்டுக்கானது என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

மூன்றாம் படி: ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ (1952)

இதை வாங்கினால் பின்னட்டையைப் படிக்காதீர்கள். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் முதல் பாகம் கிடைக்காமல் இந்த இரண்டாம் பாகத்தை வாங்கி, வீடு வரும் வழியில் பஸ்ஸிலேயே பின்னட்டையைப் படித்துக் கெட்டவன் நான்.

இரண்டு குறுநாவல்கள் சேர்ந்த புத்தகம். முதலாவதில் வரும் தளபதி பெல் ரியோஸ், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸின் சாயல். கிப்பன் படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு புன்னகை கிடைக்கும். இரண்டாவது ‘த மியூல்’. திட்டம் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் கதையில் உப்பு ஏது? 1945 தொடக்கத்தில் கேம்ப்பெல், செல்டனின் திட்டத்தைக் கவிழ்த்துவிடு என்றார். அசிமோவ் அலறிப்போய் மறுத்தார். ஆசிரியர் விடவில்லை. அந்தச் சண்டையில் பிறந்த கதைதான் முதல் மூன்று நூல்களில் உச்சம் என்பேன். கூட்டத்தின் கணக்கில் தனி ஆள் எண்ணப்படுவதில்லை என்று பார்த்தோம். கணக்கையே புரட்டிப்போடும் ஒரு தனி ஆள் பிறந்துவிட்டால்?

பேட்டா என்ற பெண் பாத்திரமும் இங்கேதான் வருகிறாள். முதல் புத்தகத்தில் பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. கொரெல் ஆட்சியாளனின் மனைவியும், நகை போட்டுப் பார்க்க அழைக்கப்படும் ஒரு பணிப்பெண்ணும் மட்டும் தலைகாட்டுகிறார்கள். இன்று படிக்கும்போது உறுத்தத்தான் செய்யும். விண்மீன்களுக்கு இடையே பறக்கிறவர்கள் சுருட்டுப் பிடிப்பதும், எல்லாவற்றுக்கும் ‘அணு’ என்று முன்னொட்டுப் போடுவதும் அப்படியே. 1940களின் தூசி என்று தட்டிவிட்டு மேலே போகலாம்.

நான்காம் படி: ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ (1953), பிறகு ஓர் இளைப்பாறல்

இதிலும் இரண்டு பகுதிகள். ஒளிந்திருக்கும் ஒன்றைத் தேடும் துப்பறியும் கதை, முடிச்சுக்குள் முடிச்சு. இரண்டாம் பகுதியின் நாயகி ஆர்கடி என்ற பதினான்கு வயதுச் சிறுமி. பேசினால் எழுத்தாக்கித் தரும் இயந்திரத்தில், பள்ளிக் கட்டுரைக்காகச் செல்டன் திட்டத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது வெறும் அலங்காரமல்ல. முன்கதையை ஒவ்வொரு முறையும் இதழ் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில் அலுத்துப்போன அசிமோவ், அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றினார். இதை முடித்ததும் தொடரையே கைவிட்டார்.

நீங்களும் இங்கே நிற்கலாம். மூன்றும் சேர்ந்து தன்னளவில் முழுமை. 1966இல் இதுவரை வந்ததிலேயே சிறந்த தொடர் என்று, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்றது இந்த மூன்றுதான். நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வதும் இதையே.

ஐந்தாம் படி: ரோபோக்களிடம் போய் வாருங்கள்

இதுதான் முதல் மாற்றம். ‘ஐ, ரோபாட்’ (1950), ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954), ‘த நேக்கட் சன்’ (1957) ஆகிய மூன்றையும் இங்கே நுழைக்கிறேன். முதல் இரண்டும் ஃபவுண்டேஷன் நூல்களின் காலத்தவைதான், ஆனாலும் மூன்று தொகுதிகளையும் விட்டு விட்டுப் படிக்கச் சொல்ல மனமில்லை.

‘ஐ, ரோபாட்’ கதைகள் மூன்று விதிகளைக் கொண்டு ஆடும் சதுரங்கம். ‘த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ ஒரு கொலை விசாரணை. கூரைபோட்ட நகரத்துக்குள்ளேயே வாழ்ந்து, திறந்த வானத்தைக் கண்டால் நடுங்கும் பூமிக்காரர்கள். அவர்களில் ஒருவரான துப்பறிவாளர் இலைஜா பேலிக்குத் துணையாக, மனிதனைப் போலவே தோற்றமளிக்கும் டேனீல் என்ற ரோபோ. ‘த நேக்கட் சன்’ சொலாரியா என்ற கோளில் நடக்கிறது. அங்கே 20,000 மனிதர்கள், 20 கோடி ரோபோக்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்ப்பதே அங்கே அருவருப்பு, எல்லாமே திரையில்தான். ‘காண்பது’ வேறு, ‘நேரில் பார்ப்பது’ வேறு என்று அவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. ஊரடங்குக் காலத்தைத் தாண்டி வந்த நமக்கு அந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடிப்படையான கேள்வி இங்கேயும் அதேதான். மனிதனுக்குத் தீங்கு வரவிடாமல் காப்பதே கடமை என்றால், அந்தக் காவல் எதுவரை போகலாம்?

ஆறாம் படி: பேரரசு நாவல்களில் ஒன்று போதும்

‘த ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’ (1951) அசிமோவுக்கே பிடிக்காத புத்தகம். ‘த கரண்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ (1952) பரவாயில்லை. அத்தை மகன் மூழ்கிப்போன இடம் இது என்பதால் இரண்டையும் தள்ளிவைக்கிறேன், இது இரண்டாவது மாற்றம். ‘பெபிள் இன் த ஸ்கை’ (1950) மட்டும் படியுங்கள். அவருடைய முதல் நாவல். அதில் பூமி கதிரியக்கம் படிந்த, எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கும் ஒரு மூலைக் கோள். மனிதகுலத்தின் பிறப்பிடம் அதுதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். டோர்வின் பிரபுவின் கேள்வி இங்கே வேறு உடையில் வந்து நிற்கிறது.

ஏழாம் படி: 1980களின் நான்கு நூல்கள்

இங்கே வரிசையை மாற்றாதீர்கள்: ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ (1982), ‘த ரோபாட்ஸ் ஆஃப் டான்’ (1983), ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ (1985), ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ (1986). ஒரு ஃபவுண்டேஷன், நடுவே இரண்டு ரோபோ, மறுபடி ஒரு ஃபவுண்டேஷன். அந்த ஆண்டுகளில் அசிமோவ் இரண்டு கரைகளிலிருந்தும் மாறி மாறிப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். 1983 நாவலில் ரோபோவியல் நிபுணர் ஒருவரின் வாயிலிருந்து சைக்கோஹிஸ்டரி என்ற எண்ணம் வெளிப்படும்போது, முதல் மூன்று நூல்களைப் படித்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். கதைக்கால வரிசையில் வந்தவருக்கு அது இன்னொரு சொல், அவ்வளவுதான்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுத உட்கார்ந்தபோது அசிமோவ் தன் பழைய மூன்று நூல்களையும் எடுத்துப் படித்தார். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாராம், ஒன்றும் நடக்கவில்லை. முழுக்க எண்ணங்களும் உரையாடல்களுமே. உண்மைதான், செயல்கள் பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் நடக்கும், மேடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இருந்தும் இந்த 1982 நாவலும் அதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது, கொஞ்சம் பருமனாக. அது ஹ்யூகோ விருதும் வாங்கியது, அவரை முதன்முறையாக நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலிலும் ஏற்றியது.

‘எட்ஜ்’ ஃபவுண்டேஷன் ஆண்டு 498இல் நடக்கிறது, அதாவது திட்டத்தின் பாதி வழியில். ஆயிரம் ஆண்டுக் கதை காலத்தில் முன்னே நகர்வது ஏறக்குறைய இங்கேயே நின்றுபோகிறது. மீதிப் பாதியை அவர் எழுதவே இல்லை. இதை எதிர்பாராமல் வருபவர்கள் ஏமாறுவார்கள், முன்பே சொல்லிவைக்கிறேன். இந்நாவலில் திட்டம் ஜெயிக்குமா என்ற கேள்வி பின்னால் போய், ஜெயிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி முன்னால் வருகிறது. இளைஞர் அசிமோவ் கேட்டிருக்க மாட்டார்.

‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ நீண்ட தேடல் பயணம். தேடப்படுவது மனிதகுலத்தின் பிறப்பிடம். 1942இல் ஒரு மூக்குப்பொடி பிரபு வாய்ச்சொல்லோடு நிறுத்திய ஆராய்ச்சியை, 44 ஆண்டுகள் கழித்து ஒருவன் கப்பலேறி நேரில் போய்ச் செய்கிறான். அலுப்பூட்டும் இடங்கள் உண்டு. பயணத் துணைகள் இருவரின் ஓயாத வாக்குவாதத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினால் குற்றமில்லை. கடைசி அத்தியாயத்தை மட்டும் புரட்டாதீர்கள். ரோபோ நாவல்களைப் படித்தவருக்குத்தான் அது முழுதாகக் கேட்கும்.

எட்டாம் படி: முன்கதைகளைக் கடைசியில் வையுங்கள்

1986இன் முடிவுக்குப் பிறகு கதையை எப்படி முன்னே நகர்த்துவது என்று அசிமோவுக்குப் பிடிபடவில்லை. பின்னே போனார். ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ (1988) இளம் செல்டனின் கதை. 4,000 கோடி மக்கள் உலோகக் கூரைக்குக் கீழே வாழும் டிராண்டார் என்ற தலைநகர்க் கோளை வட்டாரம் வட்டாரமாகச் சுற்றிக் காட்டுகிறது. முன்கதைதானே என்று இதைக் கொண்டு தொடங்குபவர்கள் நிறைய. இது வெளிப்படுத்தும் ரகசியமோ ஆறு புத்தகங்களின் ரகசியம்.

‘ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்’ அசிமோவ் 1992 ஏப்ரல் 6இல் இறந்த பிறகு, 1993இல் வெளியானது. செல்டனுக்கு நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது என்று வயது ஏறிக்கொண்டே போகிறது. பகுதிக்கு ஒருவராக உடனிருப்பவர்கள் உதிர்கிறார்கள், வேலை மட்டும் மிஞ்சுகிறது. தனி ஆளுக்குக் கணக்கில் இடமில்லை என்று சொன்னவனின் தனி வாழ்க்கை இது. நோயில் இருந்த ஆசிரியர் எழுதியது என்பதை மறந்துவிட்டுப் படிக்க என்னால் முடிந்ததில்லை.

அசிமோவுக்குப் பிறகு கிரிகரி பென்ஃபோர்ட், கிரெக் பேர், டேவிட் பிரின் மூவரும் ஆளுக்கொன்றாக எழுதிய நாவல்கள் (1997-99) விருப்பமுள்ளவர்களுக்கு. 2021இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைப் புத்தகத்துக்கு மாற்றாக எண்ண வேண்டாம். அதில் வரும் குளோன் பேரரசர்கள் புத்தகத்தில் இல்லை. ஹார்டின் அதில் பெண், துப்பாக்கியோடு வருகிறாள். வன்முறை என்பது கையாலாகாதவனின் கடைசிப் புகலிடம் என்று சொன்ன அதே ஹார்டின்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது. முதல் புத்தகத்தை எடுத்து, டோர்வின் பிரபு வரும் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. அவர் சொல்லும் நான்கு பெயர்களில் மூன்றாவது, அதாவது நம் சூரியனான சோல், சரியானது. பிரபுவுக்கு அது தெரியாது, போய்ப் பார்க்கப் போவதும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஹார்டினுக்கோ மனம் முழுக்க அனாக்ரியான் நாட்டின் மிரட்டல். அதனால் அவரும் அந்தப் பெயரைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.